அசல் படம்

படத்தில் மனைவியின் இடுப்பை அவன் வெளிப்பக்கமாக இழுக்கப் பார்த்தான். பழக்கதோஷம், மவுஸ் உள்பக்கமே போனது.

பதினாலு வருஷமாக இதே ஸ்டூடியோ, இதே நாற்காலி. கல்யாணப் படங்களில் ஊராரின் வயிற்றையும் தாடைச் சதையையும் கரைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அவன் கைபட்டால் அரை மணி நேரத்தில் அஞ்சு கிலோ இறங்கிவிடும் என்று சொல்லிச் சொல்லியே கடைக்குக் கூட்டம் சேர்ந்தது.

இன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதல் தடவையாக ஒருத்தியைக் குண்டாக்க உட்கார்ந்திருக்கிறான்.

அவள் போய்ப் பதினோரு நாள். வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும்.

படங்களுக்கா பஞ்சம்? கம்ப்யூட்டருக்குள் நிறையக் கிடந்தன. அத்தனையிலும் அவள் ஒல்லியாக நின்றாள். எல்லாம் அவன் கைவேலை. மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கல்யாண ஆல்பத்தை முதன்முதலாகப் புரட்டியபோது, "உங்க பக்கத்துல நிக்கிறது யாருங்க?" என்றாள்.

தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

அப்புறம் வேறு யாராவது படமெடுத்தால் குழந்தையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொள்வாள். குழந்தை வளர்ந்த பிறகு, செல்போனை யார் நீட்டினாலும் சமையலறைக்குள் போய்விடுவாள்.

அசல் ஒன்றைக்கூட அவன் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, திருத்தியதை அதன் மேலேயே சேமித்துவிடுவான். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

எட்டு வயது மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். நேற்று சட்டம் போட்டு வந்த படத்தைப் பார்த்து, இது அம்மா இல்லை என்று சாப்பிடாமல் படுத்துவிட்டவள்.

"இன்னும் கொஞ்சம்ப்பா."

இழுத்தான். இடுப்போடு சேர்ந்து, பின்னாலிருந்த கதவு நிலையும் வளைந்தது.

மணப்பெண் வாசலில் நுழையும்போதே இடுப்பளவு சொல்லிவிடுகிறவன், எங்கே நிறுத்துவதென்று கேட்க மகளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் வளைத்தாள். வெறும் காற்றில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கை விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"எனக்குக் கை சேராது. உங்களுக்குச் சேருமாப்பா?"

"சேரும்" என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "எங்க, காட்டுங்க."

அவன் மவுஸை விட்டுவிட்டுக் கைகளை நீட்டினான். எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை.