நெய்யாற்றின்கரைச் சிப்பு

“இந்தச் சிப்பும் செத்ததாக்கும்” என்று சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான் சிவபிரசாத். முதுகு கழன்றுவிடும்போல வலித்தது.

மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த, டிவியோடு இணைக்கும் பழைய கம்ப்யூட்டர் அது. அவன் எழுதிய ஜாதகப் பொருத்தப் புரோகிராம் அதில் கொள்ளவில்லை. கூடுதல் மெமரிக்காகச் சிப்புகளைப் பற்றவைத்து அவனே ஒரு கார்ட்ரிட்ஜ் செய்துகொண்டிருந்தான். அது முடியும்வரை தங்கை ஸ்ரீகலாவுக்கு வந்த வரன்களெல்லாம் காத்துக்கிடந்தன.

“ஜோசியன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது. அது சொல்லுத பயலுக்குத்தான் ஒன்னக் கெட்டிக் குடுக்கணும்ணு இருந்தேன். இனி முடியாது மக்கா. கள்ளிக்காட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாறாவ” என்றான் அவளிடம்.

“கடைசியா ஒரு சிப்பு வாங்கிட்டு வாறேன், அண்ணா.”

பாவம், ஒவ்வொரு முறையும் அவள்தான் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக் கடைக்குப் போய்ச் செத்த சிப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மாலையில் அவள் கொண்டுவந்த சிப்பைப் பொருத்தியதும் டிவி திரையில் புரோகிராம் முழுதாக ஓடியது. சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

“யாரு ஜாதகமாவது சொல்லு, போட்டுப் பாப்போம்.”

ஒருவனுடைய பிறந்த தேதியும் நேரமும் அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

“பத்துக்கு ஒன்பது பொருத்தம் உண்டு. பையன் யாரு?”

“சிப்புக்கடை பொன்னையன்.”

“செத்த சிப்பாத் தந்து நம்மள அலைய விட்டவனா?”

“நான் கேட்டுத்தான் அவிய செத்தது தந்தாவ. நல்லதைத் தந்தா நான் பிறகு எப்படி கடைக்குப் போறது, அண்ணா? இண்ணைக்குத்தான் நல்லது கேட்டேன்.”