மேற்குச் சுவர்

"அந்த அறை வேணாம்பா. மத்தியானத்துல அடுப்பு மாதிரி காயும்," என்றார் அப்பாதுரை.

வீடு பார்க்க வந்த முருகேசன் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பட்டுத்தறி நெய்கிறவன், முப்பது வயதிருக்கும்.

அப்பாதுரை குறையை மறைத்து வாடகைக்கு விடுகிறவர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், 1968-ல், அந்த வீட்டைக் கட்டினார். தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று மேற்கு முகப்பில் சன்னலே வைக்காமல் ஒரே சுவராக எழுப்பி, கருஞ்சிவப்புச் சாயம் பூசினார். அன்றிலிருந்து அந்தச் சுவர் பகலில் குடித்த வெயிலை இரவில் அறைக்குள் கக்கியது. குடிவந்த யாரும் ஒரு கோடையைத் தாண்டவில்லை.

"இப்ப மார்கழி, பெருசாத் தெரியாது. கிழக்கால ஒரு அறை இருக்குது, சில்லுனு இருக்கும். அதே வாடகைதான்."

"இந்தச் சூடு எம்மா நேரம் நிக்கும்யா?"

"நடுராத்திரி தாண்டியும் நிக்கும். அதான் சொல்றேன்."

"இதையே குடுங்க."

மறுநாளே முருகேசன் அறையைக் கழுவித் துடைத்து, காற்று வரும் துவாரங்களைத் துணியால் அடைத்துவிட்டான். அப்பாதுரைக்கு மனசு கேட்கவில்லை. அக்பர் மேஸ்திரியைச் சுண்ணாம்போடு அழைத்து வந்தார்.

முருகேசன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் பாய்."

"வெள்ளை அடிச்சா பாதிச் சூடு கொறையும்பா. உன் நல்லதுக்குத்தான்."

"கொறைய வேணாம் பாய். சிவப்பு அப்படியே இருக்கட்டும்."

அப்பாதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பாட்டுக்கு வெந்துக்கினு கெடப்ப. ஊர் என்னையில்ல பேசும்?"

அதற்குள் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. முருகேசனின் மனைவி ரேணுகாம்பாள் ஒரு பஞ்சுப் பொதியை மார்போடு அணைத்தபடி மெல்ல இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போய், அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

முருகேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டான்யா. கொறமாசக் கொழந்தய வெக்கிற கண்ணாடிப் பெட்டி மெட்ராஸ்லகூட காலியில்லையாம். ராத்திரியில குளிர் படாம கதகதன்னு வெச்சிருந்தா பொழைச்சிக்குவான்னு டாக்டரம்மா சொன்னாங்க."