வேப்பமர நிழலும் வெள்ளைக் காரும்

சார்ஜ் போடும் இடத்தில் மட்டும் வேப்பமர நிழல் விழும். வெள்ளைக் காருக்கு அதை விட்டுப் போக மனசே வரவில்லை. பேட்டரி நிறைந்து அரைமணி நேரமாகியும், ஒயரோடு சொகுசாக நின்றுகொண்டிருந்தது.

மல்லிகை மொட்டு மூட்டைகளோடு ஒரு மின்சார ஆட்டோ தள்ளாடி வந்தது. "அண்ணே, முடிஞ்சிருச்சா? எனக்கு மூணு சதவீதம்தான் இருக்கு. பூ மார்க்கெட் போகணும்."

"இன்னும் கொஞ்சம் இருக்கு தம்பி" என்றது கார்.

"நிறைஞ்சிருச்சே?" என்று முணுமுணுத்தது சார்ஜர்.

"நீ சும்மா இரு" என்று கார் அதட்டியது.

ஆட்டோ வெயிலில் வெகுநேரம் காத்திருந்தது. பிறகு, "நீங்க மெதுவா போட்டுக்கோங்கண்ணே. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்காம்" என்று கிளம்பிப் போனது.

வெயில் தாழ்ந்ததும் கார் புறப்பட்டது. பாலத்தில் ஏறும்போதே மல்லிகை வாசம் ஆளைத் தூக்கியது. பாதி ஏற்றத்தில் ஆட்டோ அசையாமல் நின்றிருந்தது. மூட்டைகளில் மொட்டெல்லாம் விரிந்து, விற்க முடியாத பூவாகிக் கிடந்தது.

பார்க்காததுபோல் கடந்துவிடத்தான் நினைத்தது கார். ஆட்டோ பார்த்துவிட்டது.

"நிறைஞ்சிருச்சாண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டது.