டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பேனர்

மோதிரம் போட்ட அந்தக் கை அவளுடையது இல்லை.

விரல் முட்டியில் ரோமம் இருந்தது. மணிக்கட்டில் தடிமனான ஸ்டீல் வாட்ச். யாரோ ஓர் ஆண்பிள்ளை வெள்ளைக் கோட்டு போட்டு, ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் கழுத்துக்கு மேலே, பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த அவள் முகத்தை ஒட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டு அடி பேனர். டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கும் ரேஷன் கடைச் சுவருக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தது.

'வெளிநாட்டில் மருத்துவம் பயிலச் செல்லும் டாக்டர் சுபிக்ஷாவை வாழ்த்தி வழியனுப்புகிறோம்!'

பயிலச் செல்கிறவள் அதற்குள் எப்படி டாக்டர் ஆனாள்? சரி, அதை விட்டுவிடலாம். அந்தக் கையைக்கூட விட்டுவிடலாம்.

கீழே சிவப்பு எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் இருந்தது. அதைத்தான் விட முடியவில்லை.

அவள் இன்னும் எந்த நாட்டுக்கும் சரி என்று சொல்லவில்லை.

இரண்டு கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று, வருஷத்தில் பாதி பனி பெய்கிற நாட்டில்; பேனரில் இருந்தது அந்தப் பெயர்தான். இன்னொன்று கடல் சூழ்ந்த தீவில். வீட்டில் குளிர் காலேஜ், தீவு காலேஜ் என்றே பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். சண்டை அதனால் இல்லை.

தீவு காலேஜில் ஒரு பேராசிரியை வீடியோவில் நாற்பது நிமிஷம் அவளோடு பேசினார். நோயாளி வலியை மறைத்துப் பொய் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவளுக்கு உடனே பதில் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

குளிர் காலேஜ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகல் மட்டும் கேட்டது.

அங்கே கடைசி வருஷம் படிக்கிற மதுரை அக்கா ஒருத்தியின் நம்பரைத் தேடிப் பிடித்து அவளே பேசினாள். பனியைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அந்த அக்கா குறை சொல்லவில்லை. பாஷை தெரியாத பிள்ளைகளை வார்டில் பின்னால் நிறுத்திவிடுவார்களாம்.

"அஞ்சு வருசத்துல ஒரு ஆளோட வயித்தைக்கூட நான் தொட்டுப் பாத்ததில்ல தங்கச்சி."

அந்தக் குரல் நாலு நாளாக அவள் காதிலேயே இருந்தது.

தொட்டுப் பார்க்காமல் ஒருத்தி டாக்டராகி, ஊருக்குத் திரும்பி வந்து, யாருடைய வயிற்றில் கை வைப்பாள்?

இதையெல்லாம் காலையில் காபி நேரத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"பேனரு வச்சாச்சு. இனும மாத்துனா நாலு பேரு என்ன பேசுவாக?" என்றாள் அம்மா.

அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தீப்பெட்டி ஆபீஸில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர். மச்சினன் ஒன்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்கு வாயே திறக்காது.

ஆறு வருஷம் அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு பிளக்ஸ் முடிவு செய்கிறது. நினைக்க நினைக்க அவளுக்குக் காது சூடானது.

மச்சினன் என்பது வெயிலுமுத்து மாமா. அம்மாவின் தம்பி. பேனர் வைத்தவர் அவர்தான். பேனரில் அவர் முகம் அவள் முகத்தைவிடப் பெரியதாகக் கும்பிட்டுச் சிரித்தது. குளிர் காலேஜுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஆபீஸ் அவருடைய சிநேகிதருடையது. அந்த ஆபீஸின் போன் நம்பர் அவள் பெயரைவிடத் தடித்த எழுத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் இந்த வழியாகத்தான் பிள்ளைகள் வருவார்கள். நாளைக்கு யாராவது ஒருத்தி இந்த நம்பரைப் பார்த்துப் போன் போடுவாள்.

அசல் மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, பேனர் முழுதும் அடங்கும்படி செல்போனோடு பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். ஸ்டேட்டஸில் போட வேண்டுமாம். தேய்த்த சட்டை போட்டிருந்தார். அவருடைய சந்தோஷத்தில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"மாமா, இந்தக் கை யாரோடது?"

"எவனோடதோ. பிளக்ஸ் கடைக்காரன் போட்டிருக்கான். முகந் தெரியுதுல்லா, அது போதும்."

கையில் அவளுடைய போன் இருந்தது. தீவு காலேஜின் கடிதம் காலையிலிருந்து அதில் திறந்தே கிடந்தது. சம்மதம் சொல்லக் கடைசி நேரம் இன்று காலை பத்து மணி.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

"இன்னுங் கொஞ்சம் நடுவுல நில்லுட்டி. நாட்டுப் பேரு மறைக்குது பாரு."

அவள் நகர்ந்து நின்றாள். தலைக்கு மேலே சிவப்பு எழுத்துகள் இப்போது நன்றாகத் தெரிந்திருக்கும்.

"கையில போன வச்சிக்கிட்டு என்ன செய்யுத? நிமிந்து பாரு."

"ஒரு நிமிசம் மாமா."

கடிதத்தின் அடியில் இருந்த 'சம்மதம்' பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். பயமில்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகத் தன் மேலேயே வந்த கோபம். வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா அழுவாள். மாமா வாசலில் நின்று கத்துவார். அப்பா பேப்பரைக் கீழே வைத்தாலும் வைப்பார்.

அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெளுத்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது.

இதுதான் உங்கள் முடிவா? உறுதியாகவா?

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள்.

இந்த விஷயத்தில் இன்று அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

ஆம் என்பதைத் தொட்டாள். போனை அணைத்துப் பையில் போட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, குளிர் நாட்டின் பெயருக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப எடுங்க மாமா."