எந்த வளையத்துக்குக் கத்துவது?

“நாளைக்கு மேட்ச்ல எந்தப் பக்கம் கத்துவே? சொல்லு, இல்லேன்னா மரத்தைக் காலி பண்ணு!” கூடைப்பந்து மைதானத்தின் கிழக்கு வளையத்தில் உட்கார்ந்திருந்த காகம் அணிலை மிரட்டியது. அணிலின் மூன்று குட்டிகளும் மைதானத்தோரம் இருந்த அந்த மரத்தில்தான் இருந்தன.

“இந்த வளையத்துல பந்து விழுந்தா எங்க காலேஜ் ஜெயிக்கும்,” என்றது அதே காகம்.

“போடா, என் வளையம்தான் ஜெயிக்கும்,” என்றது மேற்கு வளையத்துக் காகம். அது எதிர்க் கல்லூரிக் கட்சி.

“பாதி ஆட்டத்துல ரெண்டு டீமும் பக்கம் மாறுமே அண்ணே. அப்ப உங்க வளையத்துல அவங்கதானே போடுவாங்க?” என்றது அணில்.

எந்த வளையத்துக்குக் கத்துவதென்று அதற்கு நிஜமாகவே புரியவில்லை. காகங்களுக்கும்தான் புரியவில்லை, ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

“ரொம்பப் பேசாதே. விசில் அடிச்சதும் கத்து!” என்றன இரண்டும்.

மறுநாள் விசில் அடித்தது. கத்தச் சொல்லியிருந்தன, இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்லியிருந்தன. அணில் இரண்டையும் செய்யவில்லை.