பக்கத்து வீட்டுப் பேப்பர்

“அங்கிள், பிரிண்டர் நல்லாத்தானே ஓடுது. ரோசாக், கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா?”

தானா ராத்தா டவுன் பிரிண்டர் கடையிலிருந்து மழையில் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்த மகேன், ஈர ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். அவன் கையில் சோதனைத் தாள். ரோஜாப்பூ படம் பளிச்சென்று வந்திருந்தது.

“நான் சொல்றேன்,” என்றார் ஆர்தர். “ரோசாக்தான். சனிக்கிழமைக்குள்ள சரியாகணும்.”

ஆர்தர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டத்து ஓரத்தில், ஒரே சுவரில் ஒட்டிய இரட்டை வீட்டில் இந்தப் பக்கம் அவர் ஒண்டிக்கட்டை. மகள் ஃபியோனா மெல்பர்னிலிருந்து பணம் அனுப்பி வாங்கச் சொன்ன பிரிண்டர் இது. பேரப்பிள்ளைகள் படத்தை அடித்துப் பார்க்கலாமாம். அது வைஃபையைப் பிடிப்பதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உதவி எண் என்று ஒன்று உண்டு. பேர்தான் உதவி. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டைக் கேள். பாட்டு முடிந்தால் ஒரு பெண் வந்து, “மிஷின் ஓடுதா சார்? அப்ப பிரச்சினை தீர்ந்துச்சு,” என்று வைத்துவிடுவாள். சண்டை போட்டுத்தான் ஆர்தர் இந்த ஆளை வரவழைத்திருந்தார்.

“இங்க் இருக்கு, லைன் இருக்கு, கலர் சுத்தமா வருது,” என்றான் மகேன். “இதுக்கு மேல என்ன வரணும்?”

“வர வேண்டியது வரல. உங்க ஃபோன்லேருந்து ஒண்ணு அடிங்க, பாப்போம்.”

மகேன் ஃபோனைத் தட்டினான். “பாஸ்வேர்ட் கேக்குது.”

“ஆங்! அதான்! அதத்தான் தம்பி ரோசாக்குன்னு சொல்றேன்.”

“அலாமா! கேக்கத்தான் செய்யும் அங்கிள். இல்லேன்னா கண்டவனும் உங்க மிஷின்ல அடிப்பான்.”

“அடிக்கட்டுமே லா. என் பேப்பர், என் இங்க். உங்களுக்கென்ன?”

மகேனுக்கு எரிச்சல் வந்தது. இதற்காகவா இந்த மழையில் இவ்வளவு தூரம்! சுவருக்கு அந்தப் பக்கம் டேப்பைச் சரசரவென்று இழுக்கும் சத்தமும், பெட்டியை நகர்த்தும் சத்தமும் கேட்டன.

“அங்க என்ன சத்தம்?”

“சாமான் கட்டுறாங்க. சனிக்கிழம லோரி வருது. பக்கத்து வீட்டுக்காரன் ஈப்போவுக்கு மக வீட்டுக்குப் போறான்.” ஆர்தர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “பக்கத்து வீட்டுப் பேப்பர் நம்ம மிஷின்ல வருதே, இப்படி வருமான்னு அந்த உதவி நம்பர்ல சும்மாதான் கேட்டேன். அந்தப் பொண்ணு அத அமுக்கு இத அமுக்குன்னு சொல்லிப் பூட்டு போட்டுடுச்சு. அன்னியிலேருந்து ஒரு பேப்பரும் வரல.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? பேப்பர் வந்தாத்தான அவன் வருவான்.” அவர் சுவரைக் காட்டினார். “அவன் என் தம்பி, மார்க்கு. அம்மா அடக்கத்தன்னிக்கு வார்த்த தடிச்சுப் போச்சு. அதோட பேச்சுவார்த்தை இல்ல. இந்த மிஷின் வந்தப்புறம்தான் கதவத் தட்டினான். ‘என் பேப்பர் இங்க வந்துச்சா?’ம்பான். குடுப்பேன். உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவான். பெருசா ஒண்ணும் பேச மாட்டோம். ஆனா ஆள் உக்காந்திருப்பான்ல?”

மகேன் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

“அப்படி என்னதான் அடிப்பாரு?”

“எதையாவது அடிப்பான். ஒரு நாளு பஸ் டைம். கார் வெச்சிருக்கவனுக்கு எதுக்கு பஸ் டைம்? இன்னொரு நாளு போன மாசக் காலண்டர். அவனுக்கு எப்பவுமே கொஞ்சம் மண்ட கொழப்பம்தான்.”

“நீங்களே போய்த் தட்டலாமே அங்கிள்?”

“நான் மூத்தவன் லா!” என்று முறைத்தார் ஆர்தர். உடனே முகம் தொங்கிப் போனது. “சனிக்கிழம போயிட்டான்னா அப்புறம் எந்தக் கதவு, எந்தப் பேப்பர்?”

மகேன் பிரிண்டரின் சின்னத் திரையைத் தட்டிப் பூட்டை எடுத்தான். தட்டில் தாளை நிறைய வைத்தான்.

“அவரு பிரிண்டரையும் ஒரு பார்வை பாத்துட்டு வரேன். அத ஆஃப் பண்ணி வெச்சாத்தான் பேப்பர் தவறாம இங்க வரும்.”

“நான் சொன்னேன்னு சொல்லிடாத தம்பி!”

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தவருக்கு ஆர்தரின் அதே மூக்கு. கையில் டேப். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள்.

“பிரிண்டர் கடையிலேருந்து வரேன் அங்கிள். பக்கத்து வீட்டு மிஷின்ல பூட்டு இருந்துச்சு. இப்ப எடுத்தாச்சு.”

மார்க் டேப்பைக் கீழே போட்டார். “எடுத்தாச்சா? நெசமாவா?” சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அவசர அவசரமாகத் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் கடகடவென்று ஓடியது. நாற்காலி தள்ளப்படும் சத்தமும், கேத்தலில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும் கேட்டன.

மகேன் பெட்டிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். “உங்க பிரிண்டர் எங்க அங்கிள்? கட்டிட்டீங்களா?”

மார்க் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

“மெதுவா பேசு தம்பி, அண்ணன் காதுல விழப்போவுது,” என்றார். “எங்கிட்ட ஏது பிரிண்டர்?”