நேரலையில் ஒரு ரகசிய மாநாடு

பூனையை ஒழிப்பது எப்படி என்று பேச, கிடங்கில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பொந்தில் எலிகள் ரகசியமாக மாநாடு கூட்டின. தலைமை பெருச்சாளி. வர முடியாத எலிகளுக்காக ஜன்னலில் உட்கார்ந்து நேரலை சொல்லும் பொறுப்பு அணிலுக்கு.

“டிரம்முக்குப் பின்னால் மாநாடு தொடங்கியது! அரங்கு நிறைந்த கூட்டம்!” என்று அணில் வெளியே பார்த்துக் கத்தியது.

“அங்க பின்வாசல் இருக்கா தம்பி?” என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

முதல்முறையாக ஒரு நேயர் கேள்வி! அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டது யார் என்றுகூடப் பார்க்காமல் உள்ளே திரும்பி, “தலைவரே, பின்வாசல் உண்டான்னு நேயர் கேக்கறார்” என்றது.

பெருச்சாளி மீசையை நீவிக்கொண்டது. “அருமையான கேள்வி. இப்போதைக்கு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத்தான் விவாதிக்கப் போறோம்.”

அணில் அதையும் வரி பிசகாமல் கத்தியது.

“சாப்பாட்டுக்கே வந்துடறேன்” என்றபடி பூனை வாசல் வழியாக நுழைந்தது.

“அரங்கில் பரபரப்பு! சிறப்பு விருந்தினர் வருகை!” என்றது அணில்.

சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது. பூனை வாயைத் துடைத்துக்கொண்டு போனது. அணில் பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தது:

“மாநாடு மாபெரும் வெற்றி. கடைசிவரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை.”